ஒவ்வொரு முறையும் ‘முதல் பெண்’

அமெரிக்கச் சிற்றூர்களில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துதான். நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த பதினோரு பேர், எதிரணியின் பதினோரு பேர்மீது மோதி வழி உண்டாக்குவார்கள். காலுக்கு அதில் வேலை மிகக் குறைவு. அந்த ஆட்டத்துக்காகக் கடைகள் முன்னதாகவே மூடும். பள்ளிப் பையன் ஒருவனின் பெயரை ஊர் முழுக்க உச்சரிக்கும். நாற்பது ஆண்டுகள் கழித்தும், 'அந்த வருஷம் அவன் ஆடினானே, அந்த மாதிரி இனி எவன் ஆடப் போகிறான்' என்று முடிதிருத்தும் கடையில் பேச்சு ஓடும்.

இந்த நினைவிலிருந்துதான் 'மறக்க முடியாத ஆட்டக்காரர்கள்' பட்டியல்கள் பிறக்கின்றன. பள்ளிக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று அவை ஏராளம். படித்துப் பார்த்தால் எல்லாம் ஆண் பெயர்கள். பெண்கள் ஆடியதே இல்லை என்பதல்ல காரணம். ஆடிய பெண்களை அந்த நினைவு ஒரே ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடிவிடுகிறது: 'முதல் பெண்'. 1939-இலும் முதல் பெண். 1947-இலும் முதல் பெண். 2012-இலும் முதல் பெண். எண்பது ஆண்டுகளாக ஒரு விளையாட்டில் முதல் பெண் மட்டுமே வந்துகொண்டிருக்கிறாள் என்றால், இரண்டாவது பெண்ணை எண்ண யாருக்கும் மனமில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

கோட்டுக்கு வெளியே

மைதானத்தில் பெண்களுக்கு இடமே இல்லாமல் இருந்ததில்லை. எல்லைக் கோட்டுக்கு வெளியே எப்போதும் இடம் இருந்தது. இன்று பெண்களின் வேலையாகவே பார்க்கப்படும் 'சியர்லீடிங்' ஆண்களின் வேலையாகத் தொடங்கியது. 1898-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று முழக்கங்களை வழிநடத்தினார். அப்போது அது தலைமைப் பண்பின் அடையாளம். 1920-களில்தான் அங்கே பெண்கள் அந்தக் குழுவில் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் போனபோது அவர்கள் விட்டுச்சென்ற இடத்தைப் பெண்கள் நிரப்பினார்கள். பெண்கள் நிறைந்ததும் அந்த வேலையின் மதிப்பு மாறியது. தலைமை என்று எண்ணப்பட்டது அலங்காரம் ஆனது.

டெக்சாஸின் ஒடெஸா நகரில் உள்ள பெர்மியன் உயர்நிலைப் பள்ளி அணியோடு 1988 பருவம் முழுக்கத் தங்கியிருந்து பஸ் பிஸ்ஸிங்கர் எழுதிய நூல் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்'. 1990-இல் வெளிவந்தது. பூபி மைல்ஸ் என்ற அபாரமான ஓட்டக்காரன் பருவம் தொடங்கும் முன்பே முழங்கால் காயத்தால் எல்லாவற்றையும் இழந்ததற்காகவே பலரும் அந்த நூலை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் மறக்காதவர்கள் 'பெப்பெட்ஸ்' என்று அழைக்கப்பட்ட மாணவிகள். ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஒரு மாணவி என்று ஒதுக்கீடு. அவன் வீட்டு வாசலில் அவன் பெயர் எழுதிய பலகை நட வேண்டும், வாராவாரம் இனிப்பு செய்து கொண்டுவந்து தர வேண்டும், அவனை உற்சாகமாக வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடமே நடத்திய பயிற்சி இது. அவன் புகழ் பெறப் பயின்றான். அவள் அவன் புகழுக்குச் சமைக்கப் பயின்றாள்.

உதைக்க மட்டும் வந்தவள்

1939-இல் அலபாமா மாநிலம் அட்மோர் நகரின் எஸ்காம்பியா கவுண்டி உயர்நிலைப் பள்ளி அணியில் லூவெர்ன் வைஸ் என்ற மாணவி ஆடினார். ஓர் அணி பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் கூடுதலாக ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காகத்தான் வைஸ் மைதானத்துக்குள் வந்தார். உதைத்தார், வென்றார். நாடெங்கும் செய்தியானார்.

உதைப்பவரின் வேலை சில நொடிகள்தான். அவர்மீது மோதக் கூடாது என்று விதியே உண்டு. ஆட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சிறு இடம்தான் பெண்களுக்கு முதலில் திறந்தது. அதன்பின் வந்த பெரும்பாலான பெண்களும் இதே வாசல் வழியாகத்தான் வந்தார்கள். ஆகவே 'பெண்கள் உதைக்கத்தான் லாயக்கு' என்ற முடிவுக்கு வருவது எளிது. வேறு வாசல்கள் பூட்டியிருந்தன என்பதை அந்த முடிவு கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939-இன் அலபாமாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள். வைஸ் நின்ற மைதானத்தில் ஒரு கறுப்பினப் பையன்கூடக் கால்வைத்திருக்க முடியாது. செய்தித்தாள்கள் யாரைப் படம் பிடித்தன என்பதை வைத்து எழுதப்படும் 'முதல்' என்ற சொல்லில் இந்த நிறப் பிரிவினையும் அடங்கியிருக்கிறது.

ஓர் ஆட்டம், 46 ஆண்டுத் தடை

வைஸுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1947 நவம்பரில், டெக்சாஸின் வடகோடியில் உள்ள ஸ்டின்னெட் என்ற சிற்றூரில் ஃப்ராங்கி க்ரோவ்ஸ் என்ற மாணவி தன் பள்ளிக்காக ஆடினார். இவர் உதைக்க வரவில்லை. 'டாக்கிள்' என்ற இடத்தில் நின்றார். ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் எதிரே நிற்பவன்மீது மோத வேண்டிய இடம் அது. க்ரூம் என்ற ஊரின் அணிக்கு எதிராக ஓர் ஆட்டம், அவ்வளவுதான்.

அதன் பின்விளைவைப் பாருங்கள். அவரை ஆடவிட்ட பயிற்சியாளருக்கு வேலை போனது. டெக்சாஸ் பள்ளி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு, பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அந்த விதி 1993 வரை நீடித்தது. பெண்ணால் இதெல்லாம் முடியாது என்று உண்மையிலேயே நம்புகிறவர்களுக்குத் தடை எதற்கு? முடியாத காரியத்துக்கு யாரும் சட்டம் போடுவதில்லை. க்ரோவ்ஸ் ஆடி முடித்துத் தன் கால்களில் நடந்து வெளியே வந்தார். அதற்குப் பிறகுதான் விதி வந்தது.

கரோலும் டெலோரஸும்

எனக்கு ஒரு பட்டியல் போடச் சொன்னால் முதலிடத்தை டாரின் சகோதரிகளுக்குக் கொடுப்பேன். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதிகாரபூர்வமான ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவிடாமல்தான் அவர்கள் தடுக்கப்பட்டார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் விஷ்கா வேலி என்ற சிறு உயர்நிலைப் பள்ளி. 1973-இல் கரோல், டெலோரஸ் என்ற சகோதரிகள் அணியின் பயிற்சியில் சேர்ந்தார்கள். கரோல் ஐந்தடி ஆறங்குலம், 170 பவுண்டு. ஒன்பதாம் வகுப்பில் இருந்த டெலோரஸ் ஐந்தடி ஒன்பது அங்குலம், 212 பவுண்டு. தேவையான பயிற்சிகளை எல்லாம் முடித்துத் தகுதி பெற்றார்கள். பயிற்சியாளருக்கு ஆட்சேபணை இல்லை. பருவம் தொடங்கும் நேரத்தில் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் குறுக்கே வந்தது: ஆண்கள் அணியில் பெண்கள் ஆட விதி இடம் தராது.

212 பவுண்டு எடையுள்ள ஒரு பள்ளி மாணவி தன் உடலைப் பற்றி வீட்டிலும் வெளியிலும் என்னென்ன கேட்டிருப்பாள் என்பதை இதைப் படிக்கும் பெண்கள் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 'குறைச்சுக்கோ', 'யார் கட்டிப்பா' என்ற சொற்கள் எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு மொழியில் இருக்கின்றன. அந்த உடலுக்கு மதிப்புள்ள இடம் ஒன்று பள்ளிக்குள்ளேயே இருந்தது. அங்கே நுழைய முயன்றபோது, பெண் உடல் மென்மையானது, அடிபட்டுவிடும் என்று சொன்னார்கள்.

குடும்பம் வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1972-இல் வாஷிங்டன் மாநிலம் தன் அரசியல் சாசனத்தில் சேர்த்திருந்த பாலினச் சமத்துவத் திருத்தம்தான் தீர்ப்பின் அடிப்படை. அடிபடும் ஆபத்து பையன்களுக்கும் உண்டு. அதைக் காரணம் காட்டி சராசரிப் பையன் எவனையும் யாரும் விலக்கவில்லையே என்ற வாதம் எடுபட்டது. ஆனால் வழக்கு நடந்த காலத்தில் இரண்டு பருவங்கள் கடந்துபோயின. பள்ளி வாழ்க்கையே நான்கு பருவங்கள்தான்.

சட்டம் திறந்த கதவும் சாத்திய கதவும்

இங்கே மாணவிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் அமெரிக்காவில் 1972-இல் வந்தது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் ஆண்கள் 36 லட்சத்துக்கும் மேல். பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. சட்டத்துக்குப் பிறகு பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்து இன்று 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. விளையாட்டு வரலாற்றில் இதற்கு இணையான மாற்றம் குறைவு.

ஆனால் இந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் கால்பந்தைத்தான் முதலில் காப்பாற்றப் பார்த்தார்கள். 1974-இல் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர், வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்குச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டார். அது இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1975-இல் வந்த விதிமுறைகளில் வேறொரு விலக்கு இருந்தது: உடல் மோதல் உள்ள விளையாட்டுகளில் ஆண்கள் அணிக்கான தேர்வில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், ரக்பி, ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து ஆகியவற்றோடு கால்பந்தும் அந்தப் பட்டியலில். பெண்களுக்கென்று தனிக் கால்பந்து அணியும் கிடையாது. ஆக, சமத்துவச் சட்டத்துக்கு உள்ளேயே ஒரு வேலி.

அந்த வேலியைத் தாண்டப் பள்ளி மாணவிகள் ஒவ்வொருவராக நீதிமன்றம் போனார்கள். 1983-இல் மிசௌரியின் பியர்ஸ் சிட்டியைச் சேர்ந்த நிகோல் ஃபோர்ஸ், எட்டாம் வகுப்பு அணித் தேர்வில் கலந்துகொள்ளும் உரிமைக்காக வழக்காடினார். அவருக்கு வயது 13. 1985-இல் நியூயார்க்கின் யாங்கர்ஸ் நகர மாணவி ஜாக்குலின் லான்ட்ஸ். இருவருமே சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற அரசியல் சாசன உரிமையைச் சொல்லி வென்றார்கள். அவர்கள் கேட்டது அணியில் இடம் அல்ல. தேர்வுக்கு வந்து நிற்க அனுமதி. திறமை போதவில்லை என்று சொல்லி அனுப்புங்கள், பெண் என்று சொல்லி அனுப்பாதீர்கள். கேட்டது இவ்வளவுதான்.

பள்ளிக்குப் பிறகு என்ன ஆனது

பள்ளியில் பிரகாசித்த பையனுக்கு அடுத்த படி கல்லூரி அணி. பிரகாசித்த பெண்ணுக்கு?

ஹெதர் சூ மெர்சர் நியூயார்க்கின் யார்க்டவுன் ஹைட்ஸ் பள்ளியில் மாநிலத்தின் சிறந்த உதைப்பவர்களில் ஒருவராகத் தேர்வானவர். 1994-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1995-இல் அணிக்குள்ளேயே நடந்த ஆட்டத்தில் வெற்றிப் புள்ளிகளை உதைத்துப் பெற்றுத்தந்தார். அணியில் இடம் உண்டு என்று அறிவித்தார்கள். அதன் பிறகு ஒரு போட்டியிலும் சீருடை தரவில்லை. கடைசியில் நீக்கினார்கள். அழகிப் போட்டிக்குப் போகலாமே, பார்வையாளர் வரிசையில் காதலனோடு உட்காரலாமே என்று பயிற்சியாளர் கேட்டதாக வழக்கில் அவர் சொன்னார். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான விதியை நிறுவியது: ஒரு பெண்ணைத் தேர்வில் கலந்துகொள்ள அனுமதித்துவிட்டால், அதன்பின் பாலினத்தைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது. 2000-இல் நடுவர் குழு 1 டாலர் இழப்பீடும் 20 லட்சம் டாலர் தண்டனைத் தொகையும் வழங்கியது. 2002-இல் தண்டனைத் தொகை ரத்தானது. மிஞ்சியது 1 டாலர்.

கேட்டி நைடா கொலராடோவின் சாட்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியின் உதைப்பவர். பழைய மாணவர் திருவிழாவில் அரசியாகவும் முடிசூட்டப்பட்டவர். பந்தையும் உதைப்பாள், மகுடமும் சூடுவாள் என்பது ஊடகங்களுக்கு இனித்தது. 1999-இல் கொலராடோ பல்கலைக்கழக அணியில் சேர்ந்தார். அங்கே சக ஆட்டக்காரர்களின் தொல்லையையும், அவர்களில் ஒருவன் தன்னைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கியதையும் 2004-இல் வெளியே சொன்னார். அப்போது தலைமைப் பயிற்சியாளர் செய்தியாளர்களிடம் பேசியது அவரது ஆட்டத்திறன் எவ்வளவு மோசம் என்பதைப் பற்றி. ஒரு பெண் தனக்கு நேர்ந்த வன்முறையைச் சொல்கிறாள். பதிலுக்கு அவள் நன்றாக உதைத்தாளா என்று பேசுகிறார்கள். பயிற்சியாளர் அதற்காகப் பணியிலிருந்து தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டார். நைடா அதற்கு முன்பே நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2003 ஆகஸ்ட் 30 அன்று இரண்டு கூடுதல் புள்ளிகளை உதைத்துப் பெற்றிருந்தார்.

நைடாவை 'முதல் தரப் பிரிவில் புள்ளி எடுத்த முதல் பெண்' என்று எழுதினார்கள். 1997-இல் ஓரிகனின் வில்லமெட் பல்கலைக்கழகத்தில் லிஸ் ஹீஸ்டன் கல்லூரிக் கால்பந்தில் புள்ளி எடுத்த முதல் பெண். 2001-இல் ஜாக்சன்வில் ஸ்டேட்டின் ஆஷ்லி மார்ட்டின் அவருடைய பிரிவில் முதல் பெண். 2020-இல் வாண்டர்பில்ட்டின் சாரா ஃபுல்லர் மிகப் பெரிய ஐந்து கூட்டமைப்புகளில் முதல் பெண். ஒவ்வொரு முறையும் அடைமொழி கொஞ்சம் மாறுகிறது. கேமராக்கள் வருகின்றன, ஒரு வாரம் கொண்டாட்டம், பிறகு நிசப்தம். அடுத்தவள் வரும்போது மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். 'முதல்' என்ற பாராட்டில் ஒரு வசதி இருக்கிறது. வந்தவளை அதிசயமாக்கிவிட்டால் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வருகிறவர்களை யாரும் அதிசயம் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு உடைமாற்றும் அறை கட்ட வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும்.

ஒருத்தியிலிருந்து ஓர் அணிக்கு

உதைக்கும் வாசலைத் தாண்டியவர்களும் உண்டு. 2000-களின் நடுவில் ஒஹையோவின் கெட்டரிங் நகரில் ஆல்ட்டர் உயர்நிலைப் பள்ளி அணியின் முன்வரிசையில் நின்று மோதியவர் ஹோலி மேன்கோல்ட். செய்திகளில் பெரும்பாலும் தொழில்முறை ஆட்டக்காரர் நிக் மேன்கோல்டின் தங்கை என்றே அறிமுகம். அந்தத் தங்கை 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பளுதூக்குதலில் அமெரிக்காவுக்காகக் களமிறங்கினார். அதே 2012-இல் ஃபுளோரிடாவின் சவுத் பிளான்டேஷன் பள்ளியில் எரின் டிமெக்லியோ ஆண்கள் அணியில் 'குவார்ட்டர்பேக்' இடத்தில் ஆடினார். அணியின் மூளை என்று சொல்லப்படும் இடம் அது.

டிமெக்லியோ வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஃபுளோரிடாவில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு 'ஃபிளாக்' கால்பந்து அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு. மோதி வீழ்த்துவதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறித்தால் ஆட்டம் நிற்கும். டிமெக்லியோ அதில் எறிந்து பழகியவர். பின்னால் ஓர் அணி இருந்ததால் அவரால் முன்னால் வர முடிந்தது.

யூட்டா மாநிலத்தின் சாம் கார்டன் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர். 2012-இல் ஒன்பது வயதில் பையன்களைக் கடந்து ஓடும் அவருடைய காணொளி உலகம் சுற்றியது. தனியொருத்தியாகவே புகழ் பெற்றிருக்கலாம். 2015-இல் அவர் குடும்பத்தினரும் பிறரும் சேர்ந்து பெண்களுக்கு மட்டுமான, மோதல் உள்ள கால்பந்து லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். 2017-இல் தங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் அணி வேண்டும் என்று பள்ளி மாவட்டங்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். பையன்கள் நடுவே ஒரு பெண் என்ற விதிவிலக்கு போதாது, பெண்கள் ஓர் அணியாக ஆட வேண்டும் என்பது அந்தக் கோரிக்கை. டாரின் சகோதரிகள் கேட்டதிலிருந்து இது ஒரு படி முன்னே.

மூளையதிர்ச்சியும் முழங்கால் முறிவும் தரும் இந்த ஆட்டத்துக்குள் பெண்கள் ஏன் நுழைய வேண்டும் என்று பெண்ணியர்களே கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆபத்து என்பது பெண்களை மட்டும் வெளியே நிறுத்தும் காரணமாக இருக்கும்வரை அது அக்கறை ஆகாது. ஆட்டம் ஆபத்தானது என்றால் விதிகளை எல்லோருக்குமாக மாற்றட்டும். 2018-19 கல்வியாண்டில் பள்ளிக் கால்பந்து ஆடிய பையன்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களுடைய மண்டை ஓடு இரும்பால் ஆனதல்ல.

அதே ஆண்டில் அதே ஆட்டத்தை ஆடிய பெண்கள் சுமார் 2,400 பேர். இதைச் சிறிய எண் என்று சொல்லலாம். 2,400 பேர் இருக்கும் இடத்தில் எவரையும் 'ஒரே பெண்' என்று சொல்ல முடியாது என்றும் சொல்லலாம். ஃபிளாக் கால்பந்தை ஜார்ஜியா, அலபாமா, கலிஃபோர்னியா எனப் பல மாநிலங்கள் பெண்களுக்கான பள்ளி விளையாட்டாக ஏற்றுவிட்டன. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலும் அது இடம்பெறுகிறது. லூவெர்ன் வைஸ் தனியாக உதைத்த அலபாமாவில் இப்போது பெண்கள் அணி அணியாக எறிந்து பிடிக்கிறார்கள்.

அடுத்த முறை எந்தத் துறையிலாவது 'முதல் பெண்' என்ற தலைப்பைப் பார்த்தால் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இவளுக்கு முன் வந்து நின்றவர்களை யார் கணக்கிலிருந்து எடுத்தார்கள்? இவளுக்குப் பின் வருகிறவளுக்கு எந்த இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை தேடினால் ஃப்ராங்கி க்ரோவ்ஸும் டாரின் சகோதரிகளும் கிடைப்பார்கள். இரண்டாவது கேள்வியைப் பள்ளி நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், எழுத்தில் பதில் வாங்க வேண்டும். நிகோல் ஃபோர்ஸ் பதிமூன்று வயதில் அதைத்தான் செய்தாள்.